பின்வாசல் பந்தி

"பதினோரு வருஷமா என்கிட்ட பொய் சொல்லியிருக்கீங்க."

தியோடோசியா கடிதத்தைச் சமையலறை மேஜைமேல் வைத்தாள். காலில் மாவுக்கட்டோடு நாற்காலியில் சாய்ந்திருந்த ரான்சம் அதைத் தொடவில்லை. தொடாமலே அதில் என்ன இருக்கிறதென்று அவனுக்குத் தெரியும். வருஷா வருஷம் தபாலாபீசுக்குத் தானே போய், வாங்கி, படித்து, வழியிலேயே கிழித்துப் போட்டுவிட்டு வருகிறவன். இந்த வருஷம் சாரத்திலிருந்து விழுந்து கால் ஒடிந்ததால் அவள் போக வேண்டியதாயிற்று.

"பேராய மாநாட்டுக்கு வருகைதரும் புனித சிப்ரியன் ஆலயப் பிரதிநிதிகளை அன்புடன் வரவேற்கிறோம். கறுப்பினப் பிரதிநிதிகளுக்கு மதிய உணவு, வழக்கம்போல, சமையலறைப் பின்வாசலில் பொட்டலமாக வழங்கப்படும்."

அவளைச் சுட்டது பொட்டலம் அல்ல. 'வழக்கம்போல' என்ற அந்த ஒரு சொல்.

"போன வருஷம் பிஷப்புக்கு எதிர்ல உக்காந்து பன்னித்தொடை சாப்பிட்டேன்னு சொன்னீங்களே. 'ரான்சம், இன்னொரு துண்டு போட்டுக்கோ'ன்னு அவரே தட்டை நகர்த்துனாருன்னீங்களே. அதை மாதர் சங்கத்துல எத்தனை தடவை பெருமையா சொல்லியிருக்கேன்! நிஜமா எங்கதான் சாப்பிட்டீங்க?"

"மேஹ்யூ வண்டியில."

"பொணவண்டியிலயா?"

"சவ அடக்கம் செய்யறவர்கிட்ட வேற என்ன வண்டி இருக்கும்?" ரான்சம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "நல்ல கோட்டு மாட்டிக்கிட்டுப் போயி, பொணவண்டிக்குள்ள பொட்டலம் பிரிச்சுத் தின்னுட்டு வந்தேன்னு பொண்டாட்டிகிட்ட வந்து சொல்லணுமா தியோ? நான் சொல்லமாட்டேன். இன்னும் பதினோரு வருஷமானாலும் சொல்லமாட்டேன்."

அவளுக்குக் கோபம் போய்விட்டது. அது இருந்த இடத்தில் வேறு ஏதோ வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்கு அவளிடம் பெயரில்லை.

பிஷப்பின் கீழுள்ள ஆலயங்களெல்லாம் கூடும் மாநாடு, அந்த வருஷம் அமெரிக்கத் தெற்கிலுள்ள அவர்கள் ஊரிலேயே நடக்கவிருந்தது. வெள்ளைக்காரர்களின் மீட்பர் ஆலயம்தான் ஏற்று நடத்துகிறது. புதிதாகக் கட்டிய விருந்து மண்டபத்தின் மேற்குச் சுவர் முழுக்க ரான்சம் அடுக்கிய செங்கல். மாநாட்டு ஏற்பாடு இரண்டு மாதமாக நடந்துகொண்டிருந்தது. மேஜை விரிப்புகளைக் கஞ்சி போட்டுத் தேய்த்துத் தரும்படியும், முப்பது பீச் பழப் 'பை' பலகாரம் சுட்டு அனுப்பும்படியும் சிப்ரியன் ஆலயத்து மாதர் சங்கத்தை மீட்பர் ஆலயத்து அம்மாக்கள் கேட்டிருந்தார்கள். எந்த வீட்டில் எத்தனை சுடுவது என்று எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்தவள் தியோடோசியாதான். நம்மையும் ஒரு பொருட்டாக மதித்துக் கேட்டார்களே என்று அன்றைக்கு அவளுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சிப்ரியன் ஆலயத்தின் சேகரக் கமிட்டி கூடியது. ரான்சமுக்குப் பதிலாக யார் போவதென்பதே பேச்சு. மாநாடு வியாழக்கிழமை, ஆலையில் வேலை பார்க்கும் ஆண்களுக்கு லீவு கிடைக்காது. மூன்று ஊர்களுக்கு ஒரே குருவானவரான விட்லாக், பெயர்ப் பட்டியலை மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் போறேன் ஃபாதர்," என்றாள் கமிட்டியின் எழுத்தரான தியோடோசியா.

சவ அடக்கக்காரர் லூஷியஸ் மேஹ்யூ தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். பத்தொன்பது மாநாடு பார்த்தவர். ஒரு அமர்வுகூடத் தவறவிட்டதில்லை என்பதை எல்லோரிடமும் சொல்வார். "தங்கச்சி, சட்டத்துலயே ஆண்னு போட்டிருக்கு. வெள்ளைக்காரப் பொம்பளைக்கே அங்க ஓட்டு கிடையாது. நீ போய் நின்னா, இருக்கிற என் நாற்காலிக்கும் சேர்த்து வேட்டு வச்சிருவாங்க."

"அந்த நாற்காலியில உக்காந்து இதுவரைக்கும் என்ன பேசியிருக்கீங்க அண்ணே?"

"பேசல. ஆனா உக்காந்திருக்கேன். எங்கப்பன் காலத்துல அதுவும் இல்ல."

"பள்ளிக்கூட வேலையை நினைச்சுப் பாத்தியாம்மா?" குருவானவர் மெல்லக் கேட்டார். கறுப்புப் பிள்ளைகளின் பள்ளியில் அவள் ஆசிரியை. பள்ளி வாரியத் தலைவர் பிரூவிட், மீட்பர் ஆலயத்தின் மூத்த மூப்பர்.

"நினைச்சுப் பாத்தேன் ஃபாதர். நினைச்சு நினைச்சுதான் இத்தனை வருஷம் ஓடிப்போச்சு."

அவர் சான்றுத்தாளில் 'தி. கிரிம்பால்' என்று எழுதத் தொடங்கினார். அவள் தடுத்தாள். "சுருக்காதீங்க ஃபாதர். முழுப் பேரையும் எழுதுங்க. ஏமாத்தி உள்ள போக வேண்டாம்."

வியாழக்கிழமை காலை திருவிருந்தோடு மாநாடு தொடங்கியது. வெள்ளைக்காரர்கள் வரிசை வரிசையாகப் போய் முழந்தாளிட்டு, அப்பமும் திராட்சரசமும் வாங்கித் திரும்பினார்கள். கடைசி வரிசை முடிந்தபிறகுதான் கறுப்புப் பிரதிநிதிகள் எழ வேண்டும். தியோடோசியா போய் முழந்தாளிட்டபோது கிண்ணத்தில் ஒரு வாய்தான் மீதி. 'ஒரே அப்பம், ஒரே சரீரம்' என்று பிஷப் வாசித்த குரல் நன்றாகத்தான் இருந்தது.

பிறகு பெயர் அழைத்தார்கள். சிப்ரியன் ஆலயம் வந்தது. செயலாளர் "லூஷியஸ் மேஹ்யூ" என்றார். மேஹ்யூ எழுந்து நின்று, பின் உட்கார்ந்தார். அடுத்த பெயரைப் படித்த செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

"தியோடோசியா கிரிம்பால்?"

"இருக்கேன் ஐயா."

முன்வரிசைத் தலைகள் திரும்பின. மாடத்தில் உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். பேராயத்து வக்கீல் எழுந்து விதியைப் படித்தார்: பிரதிநிதி என்பவர் திருவிருந்து வாங்கும் ஆண். குருவானவர் விட்லாக் எழுந்து, ஆலயமே தேர்ந்தெடுத்த ஆளை வெளியேற்றுவது நியாயமா என்று கேட்டார். பிஷப் வாக்கெடுப்புக்கு விட்டார். அவளுக்காக உயர்ந்த கைகள் எட்டோ ஒன்பதோ. அவற்றில் மேஹ்யூவின் கை இல்லை. அவர் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குருவானவரைச் சமாதானம் பேச பிஷப் தன் அறைக்கு அழைத்துப் போனார். தியோடோசியா வெளி நடையில் நின்றாள். வீட்டுக்குப் போய்விடலாம், வழி தெரிந்ததுதான்.

"இந்தாம்மா, உன்னைத்தான்." பிரூவிட்டின் மனைவி லவினியா கையில் ஒரு சமையல் ஏப்ரனோடு ஓடி வந்தாள். விருந்து ஏற்பாடு முழுக்க அவள் பொறுப்பு. முகத்தில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை, அதுதான் கஷ்டம். "நடந்ததை மனசுல வச்சுக்காதே. ஆம்பளைங்க சமாச்சாரம் அப்படித்தான், நாங்களும் மாடத்துலதானே உக்காந்திருக்கோம்? இன்னிக்குப் பரிமாற ரெண்டு ஆள் வரல. இருநூறு பேரு! கொஞ்சம் கை குடேன். பின்வாசல்ல உனக்கும் ஒரு பொட்டலம் கட்டச் சொல்றேன்."

தியோடோசியா அவளையே பார்த்தாள். "மண்டபத்துக்குள்ள நான் வரலாமா மேடம்?"

"பரிமாறத்தானே? தாராளமா வா."

தியோடோசியா ஏப்ரனைக் கட்டிக்கொள்ளவில்லை. கோழி வறுவல் தட்டை ஏந்தி மண்டபத்துக்குள் போனாள். வெள்ளை விரிப்புகள் மொடமொடவென்று கிடந்தன. நடு மேஜையில் தட்டை வைத்தாள். பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதை இழுத்தாள். உட்கார்ந்தாள். கைதுடைக்கும் துணியை விரித்து மடியில் போட்டுக்கொண்டு, தலைகுனிந்து ஜெபித்து, ஒரு துண்டு கோழியைத் தன் தட்டில் வைத்தாள்.

அந்த மேஜையில் பேச்சு நின்றது. பிறகு அடுத்த மேஜையில்.

லவினியா வேகமாக வந்து காதருகே குனிந்தாள். "எழுந்திரு. என்ன பண்றேன்னு தெரிஞ்சுதான் பண்றியா?"

"சாப்பிடறேன் மேடம்."

"பள்ளிக்கூட வாரியத்துக்கு என் வீட்டுக்காரர்தான் தலைவர். ஞாபகம் இருக்கில்ல?"

"வேலைக்குச் சேந்த நாள்லேருந்து பதினாலு வருஷமா ஞாபகம் இருக்கு."

போலீஸைக் கூப்பிடலாமா என்று யாரோ கேட்டார்கள். பத்திரிகைக்காரன் வாசலில் நிற்கிறான் என்று இன்னொருவர் சொன்னார். கடைசியில் பிரூவிட் எழுந்து தொண்டையைச் செருமினார். "உள்ள ஒரே புழுக்கமா இருக்கு. வெளிய மரத்தடியில காத்து நல்லா வருது. எல்லாரும் தட்டை எடுத்துக்கிட்டு அங்க வந்திரலாமே."

நாற்காலிகள் நகர்ந்தன. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், கையில் தட்டும் கக்கத்தில் மாநாட்டுத் தாள்களுமாக வெளியேறினார்கள். மே மாத வெயில் நெருப்பாகக் கொட்டியது. மரத்தடியில் முப்பது பேருக்குத்தான் நிழல். இருநூறு வெள்ளைக்காரர்கள் புல்வெளியில் நின்றபடியே, தட்டைப் பிடிக்க ஒரு கையும் ஈயை ஓட்ட ஒரு கையும் போதாமல் சாப்பிட்டார்கள். அவள் உள்ளே, விரித்த மேஜையில், தனியாக உட்கார்ந்திருந்தாள்.

முதல் வாயை மென்றுகொண்டே இருந்தாள். அழுதுவிடக் கூடாது, அழுதால் அது அவர்களுக்குக் கிடைத்துவிடும் என்று மட்டும் நினைத்தாள்.

சமையலறைக் கதவு திறந்தது. லூஷியஸ் மேஹ்யூ கையில் பிரிக்காத பொட்டலத்தோடு நின்றார். பின்வாசலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். இத்தனை பெரிய மண்டபத்தில் எங்கே காலை வைப்பதென்று தெரியாதவர்போல மெல்ல நடந்து வந்து, அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். பொட்டலத்தை ஓரமாக வைத்துவிட்டு கவிழ்த்து வைத்திருந்த ஒரு தட்டை நிமிர்த்தி எடுத்தார்.

"காலையில கை தூக்கல தங்கச்சி," என்றார்.

"பாத்தேன் அண்ணே."

"தூக்கணும்னுதான் நினைச்சேன். கை வரல."

அவள் கோழித் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். இருவரும் சாப்பிடத் தொடங்கினார்கள். ஜன்னலுக்கு வெளியே சில முகங்கள் வந்து வந்து போயின.

மதிய அமர்வுக்கு மணி அடித்தது. புல்வெளியில் நின்றவர்கள் ஆலயத்துக்குள் போகத் தொடங்கினார்கள்.

"மணி அடிச்சுட்டாங்க. நீங்க போங்க அண்ணே. உங்களுக்கு ஓட்டு இருக்கு."

மேஹ்யூ கதவைப் பார்த்தார். ஆலயத்துக்குள்ளிருந்து செயலாளர் பெயர்களை அழைக்கும் குரல் கேட்டது. ஒவ்வொரு ஆலயமாக வந்துகொண்டிருந்தது. அவர் தொப்பியை எடுத்தார். எடுத்து, பக்கத்து நாற்காலியில் வைத்தார்.

"நீ நிதானமா சாப்பிடும்மா," என்றார். "நான் உக்காந்திருக்கேன்."