ஆவக்காயோட இண்டிப்பேரு

பஸ்ஸுல எம்பக்கத்துல உக்காந்தவுக யாரும் இன்னைவரைக்கும் வாயத் தொறக்காம எறங்கிப் போனதில்ல. அருப்புக்கோட்டையில ஏறி மல்லாங்கிணறு வாரதுக்குள்ள அவுக எந்த ஊரு, யாரு வீட்டு விசேசத்துக்குப் போறாக, பொண்ண எங்க குடுத்திருக்காக, மாப்பிள்ள குடிப்பாரா மாட்டாரா, அம்புட்டும் எங்கிட்ட வந்து சேந்திரும். என் வேலையும் அதுக்குத் தோதான வேலைதான். திருச்சுழிப் பக்கத்து ஊருகள்ல வீடு வீடாப் போயி பிரஷரு, சர்க்கரை பாத்து எழுதணும். "சங்கரிக்கா வருது, கதவச் சாத்து"ன்னு கேலி பண்ணுவாக. பண்ணிட்டுப் போகட்டும். கேக்காம எப்பிடித் தெரியும், நீங்களே சொல்லுங்க?

இந்த வாயாலதான் போன மே மாசம் என் மகளோட ஒரே கூட்டாளிய நான் வெரட்டிவிட்டேன்.

ஈஸ்வரிக்குப் பன்னெண்டு வயசு. முழுப் பரீச்ச முடிஞ்ச மறுநாளே சைக்கிள்ல இருந்து விழுந்து கால ஒடிச்சுக்கிட்டா. ஆறு வாரம் மாவுக்கட்டு. அவ கிளாஸ் பிள்ளைக எல்லாம் லீவுக்கு ஊருக்குப் போயிருச்சுக. எங்க வீட்டுக்காரரு மதுரையில மோட்டார் கம்பெனியில வேலை பாக்காரு. காலையில ஆறே முக்காலுக்குக் கெளம்பினா காரியாபட்டி வழியா வீடு வந்து சேர ராத்திரி எட்டாயிரும். நானும் மத்தியானம் வரைக்கும் ஊரு சுத்தப் போயிருவேன். எதுத்த வீட்டு முத்துத்தாய் அக்கா அப்பப்ப எட்டிப் பாத்துக்கிரும். பிள்ள சொவத்தப் பாத்துக்கிட்டே கெடந்துச்சு.

அந்த நேரத்துலதான் என் கொழுந்தன் ஜோதிலிங்கம் துபாயில இருந்து லீவுல வந்தாரு. வந்தவரு சும்மா வரல, டிவியில மாட்டுற கேம் பெட்டி ஒண்ணக் கொண்டாந்தாரு. "அண்ணி, உலகத்துல எங்க இருக்கவுக கூட வேணும்னாலும் வெளயாடலாம்"னாரு. எனக்குப் பக்குன்னு ஆயிருச்சு. எங்க வேலைக் கூட்டத்துல ஒரு மேடம் இதப் பத்தி ஒரு மணி நேரம் பேசினாக. யாருன்னே தெரியாத ஆளுக சின்னப் பிள்ள மாதிரி பேசி, பேரு, ஊரு, வீட்டுல யாரு இருக்கான்னு ஒண்ணொண்ணாக் கறந்துருவாங்களாம். கேட்டுட்டு வந்து எனக்கு ரெண்டு நாள் சோறு எறங்கல.

கொழுந்தன உக்கார வச்சுப் பெட்டிக்குள்ள என்னென்ன பூட்டு இருக்குன்னு கேட்டேன். ரெண்டு பூட்டு இருந்துச்சு. முன்னப்பின்ன தெரியாதவுகளோட வெளயாடுறதுக்கு ஒண்ணு, பேசுறதுக்கு ஒண்ணு. ரெண்டையும் போட்டு, நாலு நம்பர் வச்சு மூடினேன். பத்தாததுக்குக் காலண்டர்த் தாளோட பின்பக்கம் என் கையாலயே எழுதி டிவிக்கு மேல ஒட்டினேன். பேரு சொல்லாத. ஊரு சொல்லாத. அப்பா எப்ப வருவாருன்னு சொல்லாத. வீட்டுல யாரு இருக்கான்னு சொல்லாத.

நாலு நாள் தனியா வெளயாடினா. அஞ்சாம் நாள் கன்ட்ரோலரத் தூக்கிக் கட்டில்ல போட்டுட்டா. "யாருமே இல்லாத ஊருல நான் மட்டும் வீடு கட்டி என்னம்மா பண்ண?"ன்னு கேட்டா. சரி தொலையுதுன்னு வெளயாடுற பூட்ட மட்டும் தொறந்தேன். பேசுற பூட்டு பூட்டினபடிதான்.

அது வீடு, தெரு, ஊரு கட்டுற வெளயாட்டு. முதல்ல எல்லாரும் ஒரு பொது மைதானத்துல நிப்பாக. மனசுக்குப் பிடிச்சவுகளத் தன்னோட ஊருக்குக் கூட்டிட்டுப் போகலாம். அங்கதான் ஈஸ்வரிக்கு ஒரு ஆளு கெடச்சுச்சு. மஞ்சச் சட்ட போட்ட குட்டி பொம்மை, தலைக்கு மேல இங்கிலீசு எழுத்துல "ஆவக்காய்11"ன்னு பேரு. பேச வழியில்லேல்ல, அதுனால ரெண்டு பேரும் குதிச்சே பேசிக்கிட்டாங்க. ரெண்டு குதி குதிச்சா "வா"ன்னு அர்த்தம். ஒரு தடவ உக்காந்து எந்திரிச்சா "நாளைக்குப் பாப்போம்."

ஆவக்காயோட ஊருல மூணு வாரமா ரெண்டும் சேந்து கட்டுச்சுக. பள்ளிக்கூடம், பஸ் ஸ்டாண்டு, ஒரு கம்மாய். அந்தக் கம்மாயில தெனமும் சண்ட. ஈஸ்வரி தரையில வெடிப்பு வச்சு, சீமக்கருவேல மரமா நட்டு வைப்பா. ஆவக்காய் வந்து எல்லாத்தையும் புடுங்கிட்டு ததும்பத் தண்ணி ஊத்தும். "கம்மாயின்னா இப்பிடித்தான் இருக்கும்னு அதுக்குத் தெரியலம்மா"ன்னு சிரிப்பா என் மக. வேலை முடிஞ்சு வந்து தெனமும் ஒரு மணி நேரம் பக்கத்துல உக்காந்து நானும் பாப்பேன். பாக்கப் பாக்க எனக்கு மண்டைக்குள்ள குடைய ஆரம்பிச்சிருச்சு.

யாரு இந்த ஆவக்காயி? ஆந்திரா மாங்கா ஊறுகாயோட பேரப் போயி ஒருத்தரு செல்லமா வச்சுக்கிட்டாருன்னா, ஆந்திரா ஆளுதான். அப்ப தெலுங்கு பேசும். நாங்க நெசவுக்காரச் சனம். வீட்டுக்குள்ள தெலுங்கு, வாசலத் தாண்டினாத் தமிழு. எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வெளியூர்ல எங்கயாவது தெலுங்கு காதுல விழுந்துச்சுன்னு வைங்க, பேசுறவுகள அந்நியம்னு நெனைக்கவே தோணாது. நேராப் போயி "உங்க இண்டிப்பேரு என்ன?"ன்னு கேட்டுருவோம். இண்டிப்பேருன்னா வம்சத்துப் பேரு. அது தெரிஞ்சாப் போதும், பங்காளி முறையா, மாமன் மச்சான் முறையான்னு நின்ன எடத்துலயே பிடிபட்டுரும். அப்புறம் காப்பி குடிக்காம விடமாட்டோம்.

ஒரு சாயங்காலம் என்னால தாங்க முடியல. நாலு நம்பரையும் தட்டி, பேசுற பூட்ட நானே தொறந்தேன்.

"அம்மா, நீதான பூட்டின? எழுதி வேற ஒட்டியிருக்க!"

"நம்ம ஆளுடி. ரெண்டே வார்த்த. இங்க குடு அத."

பெட்டியோட வந்த காது மைக்க ஈஸ்வரிகிட்ட இருந்து வாங்கி என் தலையில மாட்டினேன். "நல்லாருக்கியா கண்ணு?"ன்னேன் தெலுங்குல. அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் கேட்டுச்சு. அப்புறம் ஒரு சின்னக் கொரலு, கிளி கணக்கா, "நீங்க யாரு?"ன்னுச்சு. ஆத்தாடி, பொம்பளப் பிள்ள! எனக்குச் சந்தோசம் தாங்கல. அதோட தெலுங்கு பாடப் புத்தகத்துல இருக்க மாதிரி சுத்தம். எங்க தெலுங்குல பாதி தமிழு கெடக்கும்.

"நான் ஈஸ்வரி அம்மா, அருப்புக்கோட்டையில இருந்து பேசுறேன். உன் பேரென்ன கண்ணு? உங்க இண்டிப்பேரு என்ன?"

பதிலுக்குக் காக்காம அடுத்ததக் கேட்டேன்.

"எந்த ஊரு? அப்பா என்ன வேலை பாக்காக?"

"ஆபீசு."

"அம்மா?"

"வேலைக்குப் போயிருக்காங்க."

"அப்ப வீட்டுல உங்கூட யாரு இருக்கா? தனியாவா இருக்க? அப்பா எத்தன மணிக்கு வருவாக?"

டக்குன்னு சத்தம் நின்னு போச்சு. திரையில இருந்த மஞ்சச் சட்ட பொம்மையக் காணோம். பள்ளிக்கூடம், பஸ் ஸ்டாண்டு, கம்மாயி எதையும் காணோம். நானும் ஈஸ்வரியும் பொது மைதானத்துல தனியா நிக்கிறோம்.

"கரண்டு போயிருக்கும் அங்க"ன்னு சமாளிச்சேன். என் மக மைக்க வாங்கிக் கட்டில்ல வச்சா.

மறுநாள் பெட்டியப் போட்டதும் திரை நெறையா இங்கிலீசுல ஒரு அறிவிப்பு. ஈஸ்வரி எழுத்துக்கூட்டிப் படிச்சுச் சொன்னா. இன்னொரு பிள்ளகிட்ட சொந்த வெவரம் விசாரிச்சதாப் புகார் வந்திருக்காம். பதினாலு நாளைக்கு இந்தக் கணக்குல இருந்து யாரோடயும் பேசக்கூடாதாம். ஆவக்காயும் கூட்டாளி வரிசையில இருந்து என் மகளத் தூக்கிருச்சு. இனி அந்த ஊருக்குள்ள போக முடியாது.

எனக்கு வந்துச்சே கோவம்! "என்னையவா? பிள்ள பிடிக்கிறவளா நானு? ரெண்டு வார்த்த பாசமாக் கேட்டது குத்தமா? என்ன வளப்பு வளத்திருக்கா அந்தப் பிள்ளையோட அம்மாக்காரி!" தெருவே கேக்குற மாதிரிக் கத்தினேன்.

ஈஸ்வரி அழுகல. அழுதிருந்தாத் தேவலாம். "கண்ண மூடிக்கம்மா"ன்னா.

"எதுக்குடி?"

"மூடும்மா. நீ இப்ப வீட்டுல தனியா இருக்க. உனக்குப் பதினோரு வயசு. பேசுறது யாருன்னு தெரியாது."

மூடினேன். அவ கொரலத் தாழ்த்தி, நான் கேட்டது ஒண்ணு விடாம அதே வரிசையில கேட்டா. உன் பேரென்ன கண்ணு. எந்த ஊரு. அப்பா என்ன வேலை. அம்மா எங்க. வீட்டுல யாரு இருக்கா. தனியாவா இருக்க. அப்பா எத்தன மணிக்கு வருவாரு.

கடைசிக் கேள்விக்கு மேல என்னால மூடிக்கிட்டு இருக்க முடியல. கண்ணத் தொறந்தா, எதுக்க டிவிக்கு மேல காலண்டர்த் தாளு. என் கையெழுத்து. நான் எதச் சொல்லாதன்னு எம்பிள்ளைக்கு எழுதி ஒட்டினேனோ, அதத்தான் அடுத்தவ பிள்ளகிட்ட வரிசையாக் கேட்டிருக்கேன். அந்தப் பிள்ள சரியாத்தான் செஞ்சிருக்கு. அத வளத்தவளும் சரியாத்தான் வளத்திருக்கா. நான்தான் கூறு கெட்டவ. பத்தாக்கொறைக்கு எம்பிள்ள பேரையும் ஊரையும் நானே ஒப்பிச்சிட்டு வந்திருக்கேன்.

"நீதாம்மா அந்நியம்"னா ஈஸ்வரி. சொல்லிட்டு அப்பத்தான் அழுதா.

அன்னைக்கே எங்க வீட்டுக்காரருகிட்டச் சொல்லிப் பேசுற பூட்டுக்கு வேற நம்பர் போடச் சொன்னேன். "எங்கிட்ட மட்டும் சொல்லிராதீக"ன்னேன். அவரு சிரிச்ச சிரிப்பு இருக்கே, எதுத்த வீட்டு முத்துத்தாய் அக்கா எட்டிப் பாத்துச்சு.

அப்புறம் தெனமும் சாயங்காலம் ரெண்டு பேரும் பொது மைதானத்துல காத்துக் கெடந்தோம். என்னென்னமோ பொம்மைக வந்துச்சு, போச்சு. மஞ்சச் சட்டையக் காணோம். மாவுக்கட்டப் பிரிக்க இன்னும் மூணு நாளுதான் இருந்துச்சு. பிரிச்சாப் பள்ளிக்கூடம் தொறந்துரும், அப்புறம் ஏது வெளயாட்டு? மன்னிச்சிரும்மான்னு ஒரு வார்த்த சொல்லணும் எனக்கு. சொல்ல வாயி இல்ல. இம்புட்டு வருசத்துல எனக்குப் பேச வழியில்லாமப் போனது அந்த ஒரு தடவதான்.

ஒம்பதாவது நாளு ஆவக்காய் வந்துச்சு.

தூரத்துல நின்னுச்சு. ஈஸ்வரி ரெண்டு குதி குதிச்சா. அது அசையல. மறுபடி குதிச்சா. அது ஒரு அடி பின்னால போச்சு. "போயிரப் போகுதுடி, ஏதாவது செய்யி"ன்னு மெதுவாச் சொன்னேன், என்னமோ அதுக்குக் கேட்டுருங்கிற மாதிரி.

ஈஸ்வரி கொஞ்சம் யோசிச்சா. அப்புறம் அந்த மைதானத்துலயே கட்டையா அடுக்க ஆரம்பிச்சா. முதல்ல காலு, அப்புறம் ஊதாச் சேலை. நான் வேலைக்குக் கட்டுற சேலையோட நெறம். மேல தல, கொண்டை. மூஞ்சியில கண்ணு மூக்கு ஒண்ணும் வைக்கல. பாதி மூஞ்சிக்கு ஒரே வாயி, செக்கச்செவேர்னு.

"நானாடி அது?"

அவ அந்த ஊதாச் சேலக்காரியச் சுத்தி நாலு பக்கமும் சொவரு எழுப்பினா. கதவு இல்ல, சன்னல் இல்ல. மேல கூரையப் போட்டு மூடினா. மூடிட்டுப் பக்கத்துல வந்து நின்னு ரெண்டு குதி குதிச்சா.

எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், அழுக ஒரு பக்கம். ஆவக்காய் அப்பிடியே நின்னு பாத்துச்சு. அப்புறம் ஒரு அடி முன்னால வந்துச்சு. இன்னொரு அடி. அந்தச் சொவத்தச் சுத்தி ஒரு நட நடந்துச்சு. ஓட்டை இருக்கான்னு பாக்குது, கெட்டிக்காரப் பிள்ள! பாத்து முடிச்சிட்டு, பக்கத்துலயே அதுவும் கட்டையா அடுக்க ஆரம்பிச்சுச்சு.

காலு. பச்சச் சேலை. தோள்ல ஒரு கைப்பை. மூஞ்சியில பெருசா ரெண்டு கண்ணு, பூராம் முழி. அந்தப் பொம்பளையச் சுத்தியும் நாலு சொவரு எழுப்பி, கூரையப் போட்டு இறுக்கி மூடிருச்சு.

ஈஸ்வரி விழுந்து விழுந்து சிரிச்சா, மாவுக்கட்டுக் காலு கட்டில்ல டங்கு டங்குன்னு அடிக்குது. ரெண்டு அம்மாக்காரிகளும் பக்கத்துப் பக்கத்து அறையில அடஞ்சு கெடக்கோம். வெளிய ரெண்டு பிள்ளைகளும் ரெண்டு ரெண்டு குதியாக் குதிச்சுக்கிட்டு இருக்குதுக. கொஞ்ச நேரத்துல திரையில ஊருக்குள்ள வரச் சொல்லி அழைப்பு வந்துச்சு.

அந்தப் பச்சச் சேலையவே பாத்துக்கிட்டு இருந்தேன் நான். தோள்ல பை இருக்கே, எந்த ஆபீசுக்குப் போறவளோ? பஸ்ஸுலயா போவா, வண்டியிலயா? அவளும் என்னய மாதிரியே பிள்ளையத் தனியா விட்டுட்டு மத்தியானம் வரைக்கும் வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டுத்தான் வேலை பாப்பாளோ? அவுக இண்டிப்பேரு என்னவா இருக்கும்?

ஈஸ்வரி திரும்பி என்னயப் பாத்தா.

"நான் ஒண்ணும் கேக்கலடி"ன்னு வாயப் பொத்திக்கிட்டேன்.