மாரிசெல்வத்துக்கு நான்கு மதிப்பெண்

1

இந்தக் கதை எங்கள் கல்லூரியின் பழைய மாணவர் விழாவில் பிறந்தது. டிப்ளமோ முடித்து நேரே இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர்கள் நன்றாகப் படிக்கிறார்களா, முதலாண்டிலிருந்தே படிப்பவர்களா என்று ஒருவர் திரையில் கோடு கோடாகப் போட்டு விளக்கினார். எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் திரும்பினேன். சேர்ந்து சிரிக்க வேண்டிய மாரிசெல்வம் இறந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது.

2

நான் முதலில் எழுதிய தொடக்கம்: ‘பாவம் வேல்விழி, யாரும் மேலே படிக்க வைக்காததால் கண்ணீரோடு பாலிடெக்னிக்...’

பொய். பத்தாவது முடிந்ததும், கெமிஸ்ட்ரிக்குப் பயந்து, அடம்பிடித்துப் போனவள் அவள். கூடவே இரட்டையாகப் பிறந்த மாரிசெல்வம் பிளஸ் டூ படித்து என்ஜினியரிங் சேர்ந்தான். 2004இல் அவள் டிப்ளமோவோடு அவன் வகுப்பிலேயே, இரண்டாம் ஆண்டில், வந்து உட்கார்ந்தாள்.

(வேல்விழி நான்தான். ‘அவள்’ என்று எழுதினால் கொஞ்சம் அழகாகத் தெரிகிறாள்.)

3

அப்பா பிச்சைமணி நிபந்தனை போட்டார். “மில்லுல ஒனக்கு வேலை தாரோம்ன்டு சொல்லியிருக்காக ஆத்தா. ஒரு பேப்பர் போச்சுன்னாலும் படிப்ப விட்டுட்டு அங்கன போயிரணும்.”

எந்தப் பேப்பர் போகும் என்பது ஊருக்கே தெரியும்: கணக்கு. பிளஸ் டூ கணக்கையும் முதலாண்டுக் கணக்கையும் தாண்டிக் குதித்து வந்தவள் அவள். வீரபாண்டியிலிருந்து கல்லூரிக்குப் போகும் பஸ்ஸில் மாரி அவளுக்குக் கணக்கு வகுப்பு எடுத்தான்.

“ஏய் டிப்ளமோ, இது தெரியாம எப்பிடி செகண்ட் இயருக்கு வந்த?”

“ஏலே, நீ மோட்டாருக்கு ஒயர் மாட்டத் தெரியாம வந்தேல்ல, அப்பிடித்தான்.”

லேபில் அவள் அவனுக்கு ஒயர் மாட்டக் கற்றுக்கொடுத்தாள்.

[இங்கே ஓர் உருக்கமான பத்தி இருந்தது. மாரி படித்தால் கேலி செய்வான் என்று அடித்துவிட்டேன்.]

4

தேனியில் ஒரு பிரௌசிங் சென்டரில் ரிசல்ட் பார்த்தார்கள். லேபில் இருவரும் பாஸ். கணக்கில் ஐம்பது எடுத்தால் பாஸ். அவளுக்கு ஐம்பத்தொன்று.* அவனுக்கு நாற்பத்தாறு.

அவள் அவன் முகத்தைப் பார்க்கப் பயந்தாள். அவன் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து, கடைக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தான்.

“வாத்தியாரு பெயிலு, பிள்ள பாஸு! இந்தக் கொடுமைய எங்கன போய்ச் சொல்ல?”

வீட்டில் அப்பா மாரியை ஏற இறங்கப் பார்த்தார். “அப்ப அந்த மில்லு வேலைக்கு இவன அனுப்புவமா?”

“அதுக்கு டிப்ளமோ வேணும்ப்பா” என்றாள் வேல்விழி.

*உபரியான அந்த ஒன்று தன் கையெழுத்துக்குக் கிடைத்தது என்பாள் அவள். அவன் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

5

முடிவு.

கதை என்னுடையது. நாற்பத்தாறை ஐம்பதாக்க ஒரு பேனா போதும். ஒரு பிரதியில் ஆக்கியும் பார்த்தேன். இருவரும் பாஸ், அல்வா வாங்கிக்கொண்டு பஸ் ஏறி... அந்தப் பிரதியில் அவன் கம்ப்யூட்டரைப் பார்த்து “ம்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனான். அவ்வளவுதான். சிரிக்கவே இல்லை.

இப்படியே விட்டால், போய்ச் சேர்ந்தவனை நானே பெயிலாக்கிய மாதிரி இருக்கிறது.

ஆகவே அந்த நான்கு மதிப்பெண்ணையும் உங்களிடம் கொடுத்துவிடுகிறேன். போடுவதென்றால் போடுங்கள். அவன் சிரித்து முடித்த பிறகு.