கையில் கலந்த மூன்று கார்டு

கையைத் தூக்கியது மாமாதான். எதிரே இருந்த மருந்துக்கடைப் பெண்ணுக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. தன் முறை வந்துவிட்டதென்று கார்டு எடுக்க அவள் கை நீட்டியும் விட்டாள். அந்த நேரத்தில் போய் "நடுவர்!" என்று குரல் கொடுக்கிறார் மனுஷன்.

நடுவராக நின்ற அவனுக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. வாரம் முழுக்கக் கொத்து வேலை; லீவு நாளில் இந்த ஹாலில் நடக்கும் கார்டுப் போட்டிக்கு நடுவர். வேறு ஆள் கிடையாது. அக்கா புருஷன் ஆட்டம் என்பதால் காலையிலேயே அந்தப் பெண்ணிடம் சொல்லிச் சம்மதம் வாங்கியிருந்தான்.

"என்ன மாமா?"

"ஒரு முறைக்கு ஒரு உதவிக் கார்டுதானே மாப்ள? ரெண்டாவதும் போட்டுட்டேன். அதுல சொன்னபடி கட்டுலேர்ந்து மூணு கார்டு எடுத்து கையில சேத்தாச்சு. இப்பத்தான் உறைக்குது."

வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன குறைந்துவிடும்? இதில் ஜெயித்தால் பெரிய போட்டியில் இடம். வருஷா வருஷம் இந்த வாசற்படியில் வந்து தடுக்கி விழுகிறவர் இவர்.

கோணலாக எழுந்த சுவரென்றால் இடித்துவிட்டு அதே கல்லை வைத்துக் கட்டலாம். இங்கே எது இப்போது வந்த கல், எது முன்பே இருந்த கல்? யாருக்கும் தெரியாதென்றால் விதி ஒன்றுதான்: கையிலிருக்கும் மொத்தக் கார்டையும் குலுக்கி, முகம் பார்க்காமல் மூன்றை உருவிக் கட்டின் மேல் திரும்ப வைக்க வேண்டும்.

"யானைக் கார்டு முன்னாடியே கையில இருந்துச்சுடா. அடுத்த முறைக்குன்னு வச்சிருந்தேன். அத மட்டும் விட்டுடு."

போச்சு. கையிலிருப்பதையும் வாயால் காட்டியாகிவிட்டது.

"அண்ணன் பொய் சொல்ல மாட்டாருங்க" என்றாள் அந்தப் பெண். "எடுத்தத வலது பக்கம்தான் சொருகினாரு."

"நீங்க பாத்தீங்களா?"

அவள் யோசித்தாள். "பாத்த மாதிரிதான் இருக்கு."

"மாதிரி போதாதும்மா."

"அவங்களே விடுறாங்க, உனக்கென்னடா?" என்றார் மாமா. "அக்கா சோறு போட மாட்டா, பாத்துக்க."

அவன் கை நீட்டினான். மாமா கார்டுகளைக் கொடுத்தார். நல்ல கார்டை இடது ஓரத்தில் வைப்பது அவர் பழக்கம். வீட்டில் ஆடிய ஆட்டங்களில் பார்த்துப் பார்த்து அவனுக்கு அது மனப்பாடம். தெரியாமலே இருந்திருந்தால் நன்றாயிருக்கும். அந்த ஓரத்துக் கார்டு கட்டைவிரலுக்கு அடியிலேயே இருந்தது. அதை நடுவே தள்ளிக் குலுக்கினான். போதவில்லை என்று மறுபடியும் குலுக்கினான். சிமெண்டு அரித்த விரல்களில் கார்டுகளின் பிளாஸ்டிக் உறைகள் எல்லாமே ஒன்றுபோல வழுக்கின. மூன்றை உருவிக் கட்டின் மேல் கவிழ்த்தான்.

"எச்சரிக்கையும் எழுதணும் மாமா."

"எழுது, எழுது. யானை போயிருந்துச்சுன்னா நீ பஸ்ஸுல வா."

இருவரும் ஒரே வண்டியில் வந்திருந்தார்கள். நாற்காலிக்கு அடியில் இரண்டு ஹெல்மெட்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு கிடந்தன.

மிச்சக் கார்டுகளை மாமா வாங்கிக்கொண்டார். உடனே விரிக்கவில்லை. கவிழ்த்தபடியே உள்ளங்கையில் வைத்து, மெக்கானிக் ஷெட்டின் கறுப்பு ஏறிய கட்டைவிரலால் மேல் கார்டின் முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.