பின்தகடு

எருக்கலம்பிட்டியில் பூட்டு, கிராமபோன், தையல் மெசின் எது பழுதானாலும் ஜுனைதீனிடம்தான் வரும். ஆனால் கைத்துவக்கு? வாழ்நாளில் தொட்டதில்லை. முப்பது வருடம் பாம்பனுக்குத் தோணி ஓட்டிய மனிதர், கால் முறிந்த பிறகு திருப்புளியோடு கரையில் உட்கார்ந்தவர், அவ்வளவுதான்.

அன்று அரசாங்கக் கந்தோர்த் துரையின் பங்களா விறாந்தையில் அவர் மடியில் ஒரு கைத்துவக்குக் கிடந்தது. பின்முற்றத்துப் பூவரசில் அவருடைய கழுதை கட்டப்பட்டிருந்தது. துரையின் ரோசாச் செடிகளை ஒன்று விடாமல் தின்றுவிட்டு, ஒன்றும் அறியாத பச்சைப்பிள்ளை போல நின்றது சனியன்! பிள்ளையில்லாத வீட்டில் அவர் மனைவி சரீபா பால் பருக்கி வளர்த்தது அது. சீமான் என்று பெயர் வேறு.

"குண்டு இடப்பக்கம் ஒரு சாண் விலகுதாம். நேராக்கட்டாம்," என்றார் துரையின் பியோன் அருட்பிரகாசம். பிறகு குரலைத் தாழ்த்தினார். "பின்னேரம் உங்கட கழுதையைத்தான் சுடப்போறார், நானா. ஒரேயொரு குண்டு. தப்பினா அவிழ்த்து விடுவாராம். நானும் எவ்வளவோ சொல்லிப் பாத்திட்டன்."

படலைக்கு வெளியே சரீபா முக்காட்டைக் கடித்தபடி நின்றாள். ஜுனைதீன் நொண்டி நொண்டி அவளிடம் போனார்.

"அழாத புள்ள. குண்டு கிட்டவும் போகாது. நான் பாத்துக்கொள்றன்."

"உங்களைத்தான் நம்பியிருக்கிறன்," என்றாள்.

குழாயின் முனையில் ஒரு சிறு மணி. பின்புறம், நடுவே வெட்டுள்ள ஒரு தகடு. இரண்டையும் ஒரே கோட்டில் பார்த்துத்தான் துரை சுடுவார். பின்தகடு ஒரு காடிப் பள்ளத்தில் இறுகியிருந்தது, தட்டினால் நகரும். குண்டை இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் அனுப்பிவிட்டால் சீமான் பிழைத்துக்கொள்ளும்.

நண்பகல். வெய்யிலில் மணல்வெளி முழுதும் நெளிந்தது. காற்று வந்து வந்து முகத்தைத் தடவ, ஜுனைதீனுக்குக் கண் செருகியது. விறாந்தை மெல்ல ஆடியது. துவக்கின் குழாய் நீண்டு தோணியின் முன்முனையான அணியமாயிற்று, பின்தகடு சுக்கானாயிற்று. சுற்றிலும் நீலத் தண்ணீர். அணியத்தில் சீமான் காதை ஆட்டிக்கொண்டு நிற்கிறது. தோணி இடப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் சுக்கான்பிடியை வலப்பக்கம் தள்ள வேண்டும். பின்னால் எதைத் தள்ளினாலும் முன்னால் மறுபக்கம் போகும். கைக்குத் தெரிந்த கணக்கு அது. கண் விழித்ததும் பின்தகட்டில் பித்தளைக் கம்பியை வைத்து, வலப்பக்கமாக மூன்று தட்டுத் தட்டினார். பிஸ்மி சொல்லித்தான் தட்டினார், பாவி மனிதர்.

பின்னேரம் துரை வந்தார், குறி பார்த்தார், சுட்டார். சீமான் முழங்கால் மடிந்து அப்படியே சரிந்தது. குண்டு நெற்றியின் நடுவே பட்டிருந்தது.

"துரைக்குப் பெரிய சந்தோசம்," என்றார் அருட்பிரகாசம், தரையைப் பார்த்தபடி. "பின்தகட்டை எந்தப் பக்கம் தள்ளுறமோ குண்டும் அந்தப் பக்கம்தானாம் போகும். இது தெரியாம கொழும்பில ஒருத்தன் பிழையாத் தட்டிக் குடுத்தவனாம். நீங்கள் கெட்டிக்காரனாம்."

அல்லாஹ்வே, குண்டு என்ன தோணியா! துரை தோளில் தட்டியதுகூட ஜுனைதீனுக்குத் தெரியவில்லை.

படலையில் சரீபா சிரித்த முகத்தோடு காத்திருந்தாள். வெடிச்சத்தத்துக்கு அவள் அசையவேயில்லை.

"துரை சுட்டது தப்பிட்டுதுதானே?"

"துரை இல்ல, புள்ள," என்றார் ஜுனைதீன். "நான்தான் சுட்டனான்."