பெட்டியில் வந்த குப்பி

ஜைனம்புவுக்குப் பொய் சொல்ல நன்றாகவே வரும். புருஷன் காமாலையில் போனார், தான் மாசாமாசம் நாகர்கோவிலுக்குப் போவது சுகருக்கு மாத்திரை வாங்க என்று ஊருக்கும் மகனுக்கும் வருஷக்கணக்காகச் சொல்லிவருகிறாள். ஆனால் எச்ஐவி மாத்திரை விஷயத்தில் அவளிடம் பொய் கிடையாது. ஒருநாள் விட்டதில்லை. கிருமி சோதனையில் தட்டுப்படாத அளவுக்கு அடங்கிக் கிடந்தது. அதில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை.

அப்படிப்பட்டவளைப் பார்த்துத்தான் ஆஸ்பத்திரியில் ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் பிரிஜா கேட்டாள்: "அக்கா, நேரா சொல்லுங்க. மாத்திர விட்டியளா?"

கிருமி மறுபடி தலைதூக்கியிருந்தது. இப்படியே போனால் மருந்து பலிக்காமலே போய்விடும்.

"படச்சவன்மேல சத்தியமா விடல்ல மக்கா!"

பிரிஜா நம்பவில்லை. சத்தியங்களைக் கேட்டுக் கேட்டுப் புளித்த காது அது. ஜைனம்புவுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. போன வருஷம் குளியலறையில் வழுக்கி மணிக்கட்டு முறிந்தபோது டாக்டர் சொல்லியிருந்தார்: கிருமி அடங்கினாலும் உள்ளே அழற்சி நீறு பூத்த நெருப்பாகக் கிடக்கிறது, ரத்தச் சோதனையில் தெரிகிறது, எலும்பு தேய அதுவும் ஒரு காரணம். எலும்புதான் போச்சு, இப்போது அவள் வாக்கும் போச்சா?

"செரி, காலம்பற எழும்பினா என்னெல்லாம் செய்வியளோ, ஒண்ணுவிடாம சொல்லுங்க."

"சுபுஹு தொழுவேன். கட்டன்சாயா போடுவேன். வெறும்வயித்துல ரெண்டு மாத்திரையும் முழுங்குவேன்."

"ரெண்டா? நாங்க தந்தது ஒண்ணுதானே?"

"மத்தது எலும்புச்சத்துக் குளிகை. கை ஒடிஞ்ச பொறவு மவன் சவூதி தம்மாம்ல இருந்து பெட்டியில போட்டுவிட்டான்."

"இத ஏன் சொல்லல்ல?"

"அது மருந்தா?"

நிஜமாகவே கேட்டாள். கல்ஃப் பெட்டியில் வந்த எதுவும் அவளுக்கு மருந்தில்லை. பால்பொடி, சோப்பு, கோடாலித் தைலம் என்கிற வரிசையில் அந்தக் குப்பியும் ஒன்று.

பிரிஜா தலையில் கைவைத்தாள், பிறகு சிரித்துவிட்டாள். "கால்சியத்த வெறும்வயித்துல கூட்டிப் போட்டா நம்ம மாத்திர உடம்புல சரியா ஏறாது அக்கா. அத ராத்திரி சோத்தோட தின்னுங்க. நிறுத்திராதிய, எலும்புக்கு வேணும்." சற்றுக் கழித்து, "உங்கள நம்பாமப் போனேன். மனசுல வச்சுக்காதிய" என்றாள்.

அடுத்த சோதனையில் கிருமி அடங்கியிருந்தது. அழற்சியும் கொஞ்சம் இறங்கியிருப்பதாக டாக்டர் சொன்னார். குளச்சல் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியைப் பார்த்து ஜைனம்பு காரணமில்லாமல் சிரித்தாள்.

அன்று சாயங்காலம் மகன் ரிஜ்வான் போனில் கூப்பிட்டான். "உம்மா, சுகரு கொறஞ்சிருக்கா? குப்பி தீந்திருக்குமே. அடுத்த பெட்டியில எத்தன வைக்கட்டு?"

வழக்கமான பொய் நாக்கு நுனியில் இருந்தது. என்ன நோய் என்றே தெரியாமல் மருந்து அனுப்புகிற பிள்ளையிடம் அதைச் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. வாப்பாவின் நோய், தன் நோய், கால்சியம், ஏறி இறங்கிய கிருமி, எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். போனை வைத்துவிடுவான் என்றே நினைத்தாள்.

"உம்மா," அவன் குரல் உடைந்திருந்தது. "நான் அனுப்புன குளிகையாலயா உங்களுக்குக் கூடிச்சு?"

வாப்பாவுக்கு அந்த நோய் எப்படி வந்தது என்ற கேள்விக்குப் பயந்துதான் இத்தனை வருஷம் வாயை மூடியிருந்தாள்; அதை அவன் கேட்கவேயில்லை. ஜைனம்பு வாய்விட்டு அழுதாள்.

"இல்ல மக்கா, நான் சேத்து முழுங்குனதாலயாக்கும். நீ அனுப்பு. ரெண்டு குப்பியா அனுப்பு."