அணைக்காத பெட்டி

பதினோரு மணிக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவில் மின்சாரத்தை நிறுத்தி, புது மின்பலகைக்கு இணைப்பை மாற்றப் போகிறார்கள். பத்து நாற்பதுக்கு, அலமாரி அளவே இருந்த அறையில், மருத்துவமனையின் நெட்வொர்க்கைக் கவனிப்பவள் மடிக்கணினியை முழங்காலில் வைத்து, கருவிகளை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் பெட்டியைக் கடைசியாக ஒருமுறை சரிபார்த்தாள். ஒன்பது படுக்கைகளின் இதயத்துடிப்பும் இந்தப் பெட்டி வழியாகத்தான் செவிலியர் மேசைக்குப் போகிறது. மின்சாரம் போய்த் திரும்பினால் எந்தக் கோப்பைத் திறந்து எழ வேண்டும் என்று பெட்டிக்குள் ஒரு வரி இருக்கும். வரி இருந்தது. அந்தக் கோப்பைத்தான் காணோம்.

வேறு யாராவது செய்திருந்தால் வாய்விட்டே திட்டியிருப்பாள். செய்தது அவள் கணவர். ஆறு வருடம் முன்பு இங்கே இதே வேலையில் இருந்தவர்; இன்றைக்கும் அவர் பேச்சை எடுத்தால் இங்குள்ளவர்கள் கையெடுத்துக் கும்பிடாத குறைதான். புது மென்பொருளை ஏற்றியிருக்கிறார், இடம் போதவில்லையென்று பழையதை அழித்திருக்கிறார், வரியை மாற்ற மட்டும் மறந்துவிட்டார். சும்மா சொல்லக்கூடாது, மற்றதெல்லாம் அத்தனை சுத்தம்.

போன் செய்தாள். அவர் இப்போது வேறொரு பெரிய மருத்துவமனையில் இதே பிரிவுக்குத் தலைமை. தன் கை பட்டது எதுவும் கெட்டதில்லை, கண்டதையும் நோண்டாதே என்றார்.

"ஆறு வருஷமா ஓடுதுல்ல?"

"யாரும் அணைக்கலைங்க. அதனால ஓடுது."

மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிட்டார்.

கரண்டுக்காரர் கதவைத் தட்டி, "தங்கச்சி, நிறுத்தலாமா?" என்றார். ஐந்து நிமிடம் கேட்டு வாங்கினாள். இனி எது நடந்தாலும் பழி அவள் தலையில்தான். புதுக் கோப்பின் பெயரை எழுத்தெழுத்தாகத் தட்டி, திரையில் விரல் வைத்துப் படித்து, சேமித்து, மறுபடியும் படித்தாள். கோப்பு சரியாக இருக்கிறதா என்பது அணைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

தலைமைச் செவிலி படுக்கைக்கு ஒரு செவிலியராக நிறுத்தினாள். மூச்சுக் கருவிகளுக்கு பேட்டரி உண்டு, பெட்டிக்குக் கிடையாது. மின்சாரம் போனது. ஒன்பது பேரும் நோயாளிகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பதினோரு நிமிடம் கழித்து விளக்குகள் வந்தன. பெட்டியில் மட்டும் ஒரே ஒரு ஆரஞ்சுப் புள்ளி. இரண்டு நிமிடம். மூன்று. நான்காவது நிமிடத்தில் ஒரு பச்சை விளக்கு எரிந்தது, பிறகு வரிசையாக எல்லாம். மேசைத் திரையில் ஒன்பது கோடுகளும் ஓடத் தொடங்கின. செவிலி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

போன் அடித்தது. "வந்துடுச்சில்ல? நான்தான் சொன்னேனே."

ஆமாம் என்று சொல்லிவிட்டால் வீட்டில் இரண்டு நாளைக்கு நிம்மதி.

"நீங்க எழுதின வரியில வரலைங்க. நான் மாத்தினேன்."

கோபித்துக்கொண்டாரோ என்று பயமாக இருந்தது. ஆனால் அவளுக்குள் அதைவிடப் பெரிய பயம் வந்துவிட்டது.

"அங்க உங்க ஆஸ்பத்திரியில இதே மாதிரி எத்தனை பெட்டி போட்டீங்க?"

மறுமுனையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு விசைப்பலகை, மூச்சுவிடாமல், படபடவென்று.