ரஜனியை வைத்த காம்பரா

தேயிலைத் தோட்டத்து லய வீட்டின் வாசலில், தார்ப்பாய்ப் பந்தலின் கீழ் இருந்தவர்கள்: மாப்பிள்ளை கிஷாந்த், நுவரெலியாவில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்யும் அவன் அப்பா தம்பு, அவர்களோடு ஒரு வேன் நிறைய வந்த உறவுக்காரர்கள், பெண் லோஜனா, அவள் அப்பா பொன்னையா, அம்மா மீனம்மா, பொன்னையாவின் அக்கா ராக்காயி, ஒரு வீடியோக்காரர். லோஜனாவின் அக்கா ரஜனியும் வந்திருந்தாள். அவளை வீட்டின் ஒற்றை அறையான காம்பராவுக்குள் வைத்திருந்தார்கள்.

“நிச்சயப் பூ வச்சு முடியிற வரைக்கும் வெளிய வராதம்மா,” என்றாள் மீனம்மா. “மாப்பிள வீட்டுக்காரங்க பாத்தா நல்லாருக்காது.”

“அவங்க சொன்னாங்களா?”

“சொல்லல. சொல்ற அளவுக்கு விடக்கூடாதுன்னு அத்த சொல்றாங்க.”

ரஜனியின் புருஷன் இறந்து இரண்டு வருடமாகிறது. லோஜனாவைப் படிக்க வைத்தவள் ரஜனி. தன் தலையில் அக்காதான் பூ வைக்க வேண்டுமென்று லோஜனா கேட்டிருந்தாள். அதற்காகவே ரஜனி கொழும்பிலிருந்து வந்தாள். இப்போது அந்த உரிமை ராக்காயிக்குப் போயிருந்தது. ராக்காயியின் புருஷன் எப்போதோ இன்னொருத்தியோடு பொல்பிட்டியவுக்கு ஓடிப்போனவர். ஆனால் உயிரோடு இருக்கிறார்.

“அடுத்த விசேசத்துல பாத்துக்கலாம்,” என்றாள் மீனம்மா. “எல்லாம் மெதுவாத்தான் மாறும்.”

ரஜனி சட்டத்தரணி. முதலில் தோட்டக் கம்பனிகளுக்காக வாதாடினாள். பிறகு அமைச்சுக் குழுக்களில் உட்கார்ந்து கொள்கை எழுதினாள். இப்போது கம்பனி அதிகாரிகளுக்குத் தலைமைத்துவம் கற்பிக்கிறாள். மூன்று தொழிலிலும் அவளுக்குச் சோறு போட்டது அம்மா சொன்ன அந்தக் கடைசி வாக்கியம்தான்.

மீனம்மா கதவைச் சாத்திவிட்டுப் போனாள். கொஞ்ச நேரத்தில் பொன்னையா வந்தார்.

“சீரா ஒரு லொறி கேக்குறாரும்மா தம்பு. என்னா சொல்றது?”

“குடுப்போம்னு சொல்லுங்கப்பா. லொறி லோஜனா பேருல இருக்கும். அவரு மரக்கறி ஏத்தினா வாடகைய அவகிட்ட குடுக்கணும்.”

போனவர் திரும்பி வந்தார். “லொறிப் பேச்சே எடுக்கலைங்கிறாரு. இப்ப கல்யாணம் ஹட்டன்லயா நுவரெலியாவுலயான்னு சண்ட.”

“கமிட்டி ஒண்ணு போடுங்க. ரெண்டு பக்கமும் ஆள் இருக்கட்டும். முடிவு மட்டும் எடுக்கச் சொல்லாதீங்க.”

வெளியே கைதட்டல் கேட்டது.

அடுத்த தடவை தம்புவே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தார். “கம்பனிப் பெரியாளுங்களுக்கே நீங்கதான் பாடம் எடுக்கிறீங்களாமே. நமக்கும் ஒண்ணு சொல்லுங்கம்மா. நான் மார்க்கட்டு சங்கத்துத் தலைவரு. வாயத் தொறந்தா ஒவ்வொருத்தனும் போனக் காதுல வச்சுக்கிறான்.”

“நீங்க பேசாதீங்க. ‘நீ என்னாப்பா சொல்ற’ன்னு அவனுங்களக் கேளுங்க.”

“அம்புட்டுத்தானா?”

“அம்புட்டுத்தான். இத நான் ஹோட்டல்ல வச்சு ரெண்டு நாளு சொல்லுவேன்.”

தம்பு வெளியே போய்ச் சொன்னார். அவருடைய தம்பி காணித் தகராறோடு வந்தார். மைத்துனி, சவூதிக்கு அனுப்புகிறேன் என்று ஏமாற்றிய ஏஜன்சிக்காரனைத் திட்டிக்கொண்டே வந்தாள். வேன் டிரைவருக்கும் ஒரு வழக்கு இருந்தது. மீனம்மா தேத்தண்ணியை உள்ளேயே கொண்டுவந்து கொடுத்தாள். கடைசியாக ராக்காயி, தோட்டத்தில் உழைத்த காலத்துச் சேமலாப நிதிப் பணம் தனக்கு இன்னும் வரவில்லையென்று கட்டில் ஓரத்தில் இடம்பிடித்தாள். பந்தலில் பெண்ணும் மாப்பிள்ளையும் பூத்தட்டும் வீடியோக்காரரும்தான் மிச்சம்.

“நல்ல நேரம் முடியப்போவுது,” என்றார் பொன்னையா.

ராக்காயி எழுந்தாள். “நான் போயி பூவ வச்சுட்டு வாறேன். ரஜனி, நீ இங்கயே இரு. எங்கதய இன்னும் முடிக்கல.”

“என் மொகத்துல முழிக்கக்கூடாதுன்னீங்களே அத்த. இம்புட்டு நேரமா என்னா செஞ்சீங்க?”

“வேல விசயமாப் பாத்தா ஒண்ணுமில்லடி. நல்ல காரியத்துல பாத்தாத்தான் குத்தம்.”

அதிலுள்ள நியாயத்துக்குத் தம்பு தலையாட்டினார். காம்பரா முழுவதும் தலைகள் ஆடின. மீனம்மாவின் தலையும் ஆடியது.

“அப்ப நீங்க யாரும் பாக்க வேணாம்,” என்றாள் ரஜனி.

முழங்கால்களையும் தேத்தண்ணிக் கோப்பைகளையும் தாண்டி வெளியே வந்தாள். லோஜனா நிமிர்ந்து பார்த்தாள். கிஷாந்த் நாற்காலியை விட்டு எழுந்து, கதவு நிலையில் சாவியோடு தொங்கிய பூட்டை எடுத்து நீட்டினான்.

“சாவி உங்ககிட்டயே இருக்கட்டும் அண்ணி,” என்றான்.

ரஜனி கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினாள்.